வேலைக்குப் போகும் தாயும் மடியிலுள்ள பிள்ளையும்

(குடும்பப் பாடம்)



உப்புக் காலம் தொடங்கிவிட்டது. மழை நின்று, தை பிறந்து, அளங்களில் வரப்புச் செப்பனிடும் வேலையும் முடிந்து, பாத்திகளில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. இனி ஐப்பசி மழை வரும்வரை நம் மரக்காணத்துக் குடும்பங்களில் விடியற்காலம் என்றால் அடுப்பும் அவசரமும்தான். வெயில் ஏறிவிட்டால் அளத்தில் நிற்க முடியாது. மேலேயிருந்து தலையில் அடிக்கும் வெயில், வெள்ளை உப்பிலிருந்து திரும்பிக் கண்ணிலும் அடிக்கும். ஆகவே இருட்டோடு புறப்படுகிறீர்கள். ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வழுக்கும் வரப்பின்மேல் நடந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின், இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு ஒரு தாய் கோவில் வாசலில் காத்து நின்றாள்.

“தோத்திரம் சாமி. நாளையிலிருந்து அளத்துக்குப் போகணும். பிள்ளையை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போறேன். ரெண்டு நாள் விட்டுப் பார்த்தேன், வீறிட்டு அழுவுது. நான் போறது பாவமா சாமி?”

“பாவமில்லை அம்மா, போய் வா” என்று சொல்லிவிட்டேன். அடுத்த பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அவளும் தலையசைத்துப் போய்விட்டாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. நான் சொன்னது பாதிப் பதில் என்பது எனக்கே தெரிந்தது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமன்று; காலைப் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் வேலைக்குப் போய், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நாளெல்லாம் நெஞ்சு கனத்திருக்கும் பெற்றோருக்கும் இது உதவக்கூடும்.

1. விட்டுப் போவதும் கைவிடுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. யாத்திராகமத்தில் வரும் மோயீசனின் தாயை நினைத்துப் பாருங்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி அரசன் கட்டளையிட்ட காலம் அது. மூன்று மாதம் அவள் பிள்ளையை ஒளித்து வைத்தாள். அதற்குமேல் முடியாமற் போயிற்று. அப்போது அவள் செய்ததைக் கவனியுங்கள். கோரைப் பெட்டி ஒன்றை எடுத்தாள். தண்ணீர் புகாதபடி கீல் பூசினாள். ஓடும் ஆற்றிலே விடாமல் கரையோர நாணலுக்குள் வைத்தாள். பிள்ளைக்கு என்ன நேருகிறதென்று பார்த்துக்கொள்ள மூத்த மகளைத் தூரத்தில் நிறுத்தினாள். பிள்ளையைக் கையிலிருந்து இறக்கியவள் அவள். நெஞ்சிலிருந்து இறக்கியவள் அல்ல. பிறகு அரசகுமாரி அந்தப் பிள்ளைக்குப் பாலூட்ட அவளையே கூலிக்கு அமர்த்தினாள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

நம் பெண்கள் அளத்துக்குப் போவது பிள்ளையின்மேல் பாசம் குறைந்ததாலன்று. உப்பு விளைவது ஆண்டில் சில மாதங்களே. அந்த மாதங்களின் கூலியில்தான் மழைக்காலத்து அரிசியும், பள்ளிச் செலவும், பழைய கடனும் அடங்கியிருக்கின்றன. பிள்ளை பசியாதிருக்கவே தாய் பிள்ளையை விட்டுப் போகிறாள். இதைக் குற்றமென்று சொல்லும் அயலார் நாவுக்கு நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால், குற்றமில்லை என்பதால் கவனமும் வேண்டாம் என்று ஆகிவிடாது. பெட்டியை எப்படிப் பூசினாள், யாரைக் காவல் வைத்தாள் என்பதே நாம் அந்தத் தாயிடம் படிக்க வேண்டிய பாடம்.

2. பிள்ளைக்கு என்ன தேவை?

பால், தூக்கம், சுத்தம் என்று சொல்வீர்கள். சரியே. இவற்றோடு இன்னொன்றும் தேவை: தினமும் அதே முகம், அதே குரல், அதே கை.

இங்கிலாந்து தேசத்து மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் ஓர் அறிக்கை எழுதினார். பெற்றோரைப் பிரிந்து விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் நெடுநாள் இருந்த பிள்ளைகள், வயிறு நிறைந்திருந்தும் மனம் வாடிப்போவதை அது எடுத்துக் காட்டியது. அதை வாசித்த பலர், தாய் ஒருபொழுதும் வீட்டை விட்டு நகரலாகாது என்று முடிவு கட்டினார்கள். ஆனால் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் பிரிந்திருப்பது வேறு. காலையில் போய் மதியமோ மாலையோ திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது வேறு.

பின்னாளில் அமெரிக்காவில் இதையே நேராக ஆராய்ந்தார்கள். 1991-ல் தொடங்கி, பத்து இடங்களில், பிறந்தது முதல் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பிறர் கையில் விடப்படுவதால் மட்டுமே தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல் கெடுவதில்லை. பிள்ளையின் குறிப்பறிந்து நடவாத தாய்க்கு, பார்த்துக்கொள்ளும் இடமும் மோசமாக அமைந்தாலோ, ஆட்கள் அடிக்கடி மாறினாலோதான் கேடு மிகுகிறது. ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: “விட்ட இடம் எப்படிப்பட்டது? திரும்பி வந்தபின் நான் எப்படிப்பட்டவள்?”

சரி, எட்டு மாதப் பிள்ளை ஏன் வீறிட்டு அழுகிறது? அந்த வயதில்தான் அதற்குத் தன் தாய் வேறு, மற்றவர் வேறு என்பது நன்றாகப் பிடிபடுகிறது. தாய் கண்ணுக்கு மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள் என்றும் தெரியத் தொடங்குகிறது. திரும்பி வருவாள் என்பது மட்டும் இன்னும் தெரியாது. அதனால் அழுகிறது. ஒன்றரை வயதுவரைகூட இந்த அழுகை பலமாக இருக்கலாம்; பிறகு மெல்லத் தணியும். ஆதலால் அழுகையைப் பார்த்து, “என் பிள்ளையை நான் கெடுத்துவிட்டேன்” என்று கலங்காதீர்கள். தன் தாய் யாரென்று பிள்ளை அறிந்துகொண்டதற்கு அந்த அழுகையே சாட்சி.

3. யாரிடம் விடுவது?

முதலாவது, அளத்துக்கே தூக்கிப் போவதைப் பற்றி. வேலிக்காத்தான் நிழலில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு உப்புச் சுமப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாத தாயைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். கைக்குழந்தையின் உடம்பிலுள்ள நீர் வெப்பத்தில் சீக்கிரம் வற்றும். தவழும் பிள்ளைக்கோ, முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரும் எமனாகும். கூடையோடு தூர வரப்பில் நிற்கும் தாய் ஓடி வருவதற்குள் காரியம் கைமீறிவிடும். ஏணையருகே பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றி உட்கார்ந்திருந்தாலொழிய, பிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, மூத்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம்பியைப் பார்க்க வைப்பது. மோயீசனின் அக்காளும் காவல் நின்றாளே என்பீர்கள். அவள் நின்றது ஓர் ஆபத்துக்கு. உங்கள் மகள் நிற்பது ஓர் உப்புக் காலம் முழுவதற்கும். ஆறு முதல் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று 2009-ல் சட்டமே எழுதப்பட்டது. பத்து வயதுச் சிறுமிக்குப் பிள்ளைமேல் பாசம் உண்டு. பிள்ளைக்குப் புரையேறினால் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையின் எதிர்காலத்தை அடகு வைக்காதீர்கள்.

மூன்றாவது, பாட்டி அல்லது அத்தை. நம் ஊரில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது, இதுவே நல்லதும்கூட. ஆனால் பாட்டிக்கும் வயதாகிறது. முழங்கால் வலியும் கண் மங்கலும் உள்ளவர், நடக்கத் தொடங்கிய பிள்ளையின் பின்னால் ஓட முடியுமா? அவருக்கும் இளைப்பாற ஒரு வேளை வேண்டும். “மாமியார்தானே, பார்க்கட்டுமே” என்று எண்ணாமல், “அம்மா, உங்களால் முடியுமா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதே அவருக்குக் கொடுக்கும் மரியாதை.

நான்காவது, காப்பகம். புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ கட்டணம் கொடுத்து விடுகிறவர்கள், சுவரில் எழுதிய சித்திரங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இவற்றைப் பாருங்கள்:

பிள்ளையைத் தினமும் அதே ஆள்தான் ஏந்திக்கொள்கிறாரா, வாரத்துக்கொருவரா?
ஓர் ஆளுக்கு எத்தனை கைக்குழந்தைகள்? மூன்று நான்குக்கு மேற்பட்டால் இரண்டு கை போதாது.
சொல்லாமல் திடீரென்று போனாலும் உள்ளே விடுகிறார்களா? விடாத இடம் வேண்டாம்.
தூங்கும் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா?
தூங்க வைப்பதற்கென்று இருமல் மருந்தோ வேறெதுவோ புகட்டும் வழக்கம் உண்டா? உண்டென்றால் அந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கி வந்துவிடுங்கள்.

4. எப்படி விடுவது?

முதல் நாளே முழு நாள் விடாதீர்கள். வேலை தொடங்கும் முன் ஒரு வாரமாவது பழக்குங்கள். முதல் நாள் நீங்களும் கூடவே இருங்கள். மறுநாள் அரை மணி விட்டு வாருங்கள். பிறகு ஒரு மணி. பிறகு அரை நாள்.

பிள்ளை விளையாடும்போது பின்வாசலால் நழுவாதீர்கள். அழுகைக்குப் பயந்து பலர் இப்படிச் செய்கிறார்கள். திரும்பிப் பார்த்துத் தாயைக் காணாத பிள்ளை, அடுத்த நாள் முதல் அவளைக் கண்ணை விட்டு அகல விடாது. முத்தமிட்டு, “அம்மா போயிட்டு வரேன்” என்று சொல்லி, பார்த்துக்கொள்பவர் கையில் கொடுத்துவிட்டு, தயங்காமல் புறப்படுங்கள். வாசலில் நின்று மூன்று தரம் திரும்பி வந்தால் மூன்று தரம் பிரிந்த துக்கமாகும். சொன்னபடி திரும்பி வரும் தாயைப் பிள்ளை நாளடைவில் நம்பக் கற்றுக்கொள்கிறது.

நீங்கள் உடுத்திய பழஞ்சேலைத் துண்டு ஒன்றை ஏணையில் போட்டுவிட்டுப் போங்கள். தாயின் வாசனை பிள்ளைக்கு ஆறுதல்.

பால் விஷயம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதுவரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேலைக்குப் போகிறோமே என்று பாலை நிறுத்தாதீர்கள். புறப்படுமுன் ஒருதரம், வந்தவுடன் ஒருதரம், இரவில் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். இடையில் வேண்டியதைக் கையைக் கழுவிக்கொண்டு, கொதிக்க வைத்த பாத்திரத்தில் பீய்ச்சி மூடி வைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மிதமான வெப்பத்தில்கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் அது தாங்காது. நம் சித்திரை வெயிலில் அதற்கும் வெகு முன்பே புகட்டிவிட வேண்டும். புட்டியைவிட நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே நல்லது. கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது.

வேலையிலிருந்து வந்தவுடன் கை கால் கழுவி, உப்பு படிந்த சேலையை மாற்றி, முதல் அரை மணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாத்திரம் காத்திருக்கும்.

5. தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

இந்தப் பாடத்தை மனைவிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். “பிள்ளையை யார் பார்ப்பது?” என்ற கேள்வி எப்போதும் தாயிடமே கேட்கப்படுகிறது. தகப்பனும் அதே அளத்துக்குத்தானே போகிறான்? இருவரும் இருட்டில் எழுந்து, இருவரும் உப்பு வாரி, இருவரும் களைத்துத் திரும்பிய பின், ஒருவர் திண்ணையில் காலை நீட்டுவதும் மற்றவர் இடுப்பில் பிள்ளையோடு அடுப்பூதுவதும் நியாயமாகாது. தூங்கும் சேசு பாலனையும் தேவமாதாவையும் இரவோடு இரவாக எகிப்துக்கு அழைத்துச் சென்றவர் சூசையப்பர். பிள்ளையைக் காப்பது ஆண்மைக்குக் குறைவென்று அவர் எண்ணியதாக எங்கும் இல்லை. குளிப்பாட்டுங்கள், ஏணை ஆட்டுங்கள், துணி அலசுங்கள். சாராயத்துக்குப் போகும் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் கைக்குப் போகட்டும்.

6. ஊருக்கு உள்ள கடமை

இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று மீதியிருக்கிறது. பாட்டி இல்லாத வீடு என்ன செய்யும்?

1844-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் இதே கேள்வி எழுந்தது. பிர்மேன் மர்போ என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் அந்நகரின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைப் பார்வையிட்டு வந்தார். இரண்டு முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவை எங்கே என்று தேடினார். கூலிக்குப் போன தாய்மார் அவற்றை அக்கம்பக்கத்து வீடுகளில், ஏழ்மையின் நடுவே விட்டிருந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள், ஷையோ என்னும் பகுதியில் கைக்குழந்தைகளுக்கென ஒரு காப்பகம் திறந்தார். தாய்மார் வேலைக்கு நடுவே வந்து பால் கொடுத்துப் போவார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கிரெஷ்’. பிரெஞ்சு மொழியில் அதற்கு மாட்டுத் தீவனத் தொட்டி என்று பொருள். பெத்லேகமில் சேசு பாலன் கிடத்தப்பட்ட தொட்டியும் அதுவே. இன்று நகரங்களில் ‘கிரெச்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் நம் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து வந்தது. இடமில்லாத பிள்ளைக்கு இடம் என்பதே அதன் பொருள்.

மர்போ கண்ட இடைவெளி நம் ஊரில் இன்றும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் நடக்கின்றன. ஆறு மாதப் பிள்ளைக்குச் சத்துமாவு கிடைக்கிறது. ஆனால் அங்கே உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயது முதலே. அதுவும் திறப்பது, அளத்தில் பாதி வேலை முடிந்த பிறகு.

சட்டம் என்ன சொல்லிற்று? பெண் தொழிலாளர் பலர் உள்ள ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டுமென்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. 2017-ல் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகமும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவர உரிமையும் சேர்க்கப்பட்டன. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் இதைத் துணிந்து கேளுங்கள். ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய உப்பளத்தை இந்த எண்ணிக்கை தொடுவதேயில்லை. அதிக வெயிலில் நிற்கும் தாய்க்கே குறைந்த நிழல்.

அதற்காகக் கைகட்டி இருக்கலாமா? மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று: கர்ப்பம் தரித்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஏழைத் தாய்மாருக்கு உரியது. அது கையில் இருந்தால் பிறந்த பிள்ளையோடு சில வாரமாவது கூடுதலாக இருக்கலாம்.

இரண்டு: மத்திய அரசு 2022-ல் வகுத்த ‘பால்னா’ என்னும் திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த வழியிருக்கிறது. வரும் மே முதல் நாள் கிராம சபையில், எங்கள் ஊருக்கு அது வேண்டும், உப்பு வேலை நேரத்துக்கேற்ப விடியலில் திறக்க வேண்டும் என்று தாய்மார் எழுந்து கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். ஒருவர் கேட்டால் அது முறையீடு. ஐம்பது பேர் கேட்டால் ஊரின் குரல்.

மூன்று: அதுவரை நாமே செய்யக்கூடியது. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலையிடத்துக்கு ஐந்து சிறு பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், வந்த பெண்களில் ஒருவரை அவற்றைப் பார்த்துக்கொள்ள நிறுத்தி, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பதே அது. பிள்ளையைப் பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று அது ஒப்புக்கொண்டது. நாமும் அவ்வாறு செய்யலாம். நம் ஞானோபதேச வகுப்பறை வாரநாட்களில் காலை முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. மின்விசிறியும் குடிநீரும் உண்டு. ஏணை கட்ட உத்தரமும் உண்டு. ஐந்து தாய்மார் சேர்ந்து, பிள்ளை வளர்த்துத் தேறிய ஒருவரை அமர்த்தினால், காலை நாலரை மணிக்கு நானே கதவைத் திறந்துவிடுகிறேன். கூலியில் தாய்மார் பங்கு போக மீதியைப் பங்கின் ஏழைகள் நிதியிலிருந்து கொடுக்கலாம். எந்த மதத்துத் தாயானாலும் வரலாம். பெத்லேகமில் தொட்டியைக் கொடுத்தவன் யார் எவரென்று கேட்டுக் கொடுக்கவில்லை. இதைப் பற்றிப் பேச, வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அதே அறையில் கூடுவோம். தாய்மார் மட்டுமல்ல, தகப்பன்மாரும் வாருங்கள்.

வீட்டில் சேர்ந்து சிந்திக்க

1. நாம் வேலைக்குப் போகையில் நம் பிள்ளையின் அருகே இருப்பவர் யார்? அவருக்கு நாம் கடைசியாக நன்றி சொன்னது எப்போது?
2. பிள்ளைக்காக நம் வீட்டில் யாராவது பள்ளியை விட்டிருக்கிறார்களா? அவரைத் திரும்ப அனுப்ப என்ன செய்யலாம்?
3. தகப்பன் தினமும் பிள்ளைக்கென்று ஏற்கும் வேலை எது? இன்றே ஒன்றைத் தீர்மானியுங்கள்.
4. நம் தெருவில், விட்டுப் போக ஆளில்லாமல் தவிக்கும் தாய் யார்? அவள் வாசலுக்கு இவ்வாரம் யார் போவது?

கோவில் வாசலில் கேட்ட அந்தத் தாய்க்கு: அம்மா, நீ போவது பாவமில்லை. உன்னைத் தனியே இந்தக் கேள்வியோடு அனுப்பினேனே, அதுதான் என் தவறு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடும் உன் மாமியாரோடும் வா.

உங்கள் பங்குத் தந்தை